யாருக்குச் சொன்ன சேதி? – மேட்டூருக்குக் கீழே வெள்ள எச்சரிக்கையின் சொல்லாடல்

தமிழ் தினசரி படிக்கிறவர்களுக்கு அந்தச் சின்னக் கட்டம் பழக்கமானது. மேட்டூர் அணை நிலவரம்: நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. தங்கம் விலையைப் போல, ராசிபலனைப் போல அதுவும் ஒரு அன்றாடம். இந்த மூன்று எண்களும் யாருக்காக அச்சாகின்றன? தஞ்சாவூர்க்காரருக்காக என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. 1934-ல் ஸ்டான்லி நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட நாளிலிருந்து டெல்டாவின் கண் மேட்டூர் மேலேயே இருக்கிறது. ஜூன் 12-ல் திறப்பார்களா, குறுவைக்குத் தண்ணி உண்டா, 120 அடி எப்போது எட்டும். எட்டினால் அங்கே சந்தோஷம்.

ஆனால் அணைக்கும் டெல்டாவுக்கும் நடுவில் ஆறு ஆளில்லாத காட்டில் ஓடவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துக் கரையில் பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், சோழசிராமணி, ஜேடர்பாளையம், பரமத்திவேலூர், மோகனூர் என்று வரிசையாக ஊர்கள். அணை நிரம்பிவிட்டது என்று கட்டம் சொல்கிற அதே வாரத்தில் இந்த ஊர்களின் ஆற்றோர வீதிகளில் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டுகிறார்கள். நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே எண்ணாக வருகின்றன. முதல் முடிச்சு இது.

ஆடிப் பதினெட்டு இந்த முடிச்சை இன்னும் இறுக்குகிறது. காவிரிக்குப் புதுத்தண்ணி வருவதைக் கும்பிடுகிற நாள் அது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கிற காலமும் அதுதான். 2022-லும் 2024-லும் ஆடிப்பெருக்குச் சமயத்திலேயே உபரிநீர் போய்க்கொண்டிருந்தது. முளைப்பாரியும் மஞ்சள் சரடுமாகப் படித்துறைக்கு வருகிற பெண்களிடம் போலீஸ்காரர் 'இறங்காதீங்கம்மா' என்கிறார். 'வருசம் பூரா ஆத்துல தண்ணி இல்லாதப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. தண்ணி வந்தா மட்டும் தடுக்க வந்தர்றாங்க' என்கிற மாதிரியான பேச்சை விவரமில்லாத பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் ஒரு வாதம் இருக்கிறது. ஆற்றோடு அவர்களுக்கு உள்ள உறவு ஆபத்து வரும் நாளில் மட்டும் முளைப்பது அல்ல. அரசுக்கு அப்படித்தான் முளைக்கிறது.

பேரிடர் மேலாண்மை பேசுகிறவர்கள் இதையெல்லாம் 'விழிப்புணர்வுப் பற்றாக்குறை' என்ற ஒரே சொல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. இந்தச் சமவெளியில் எச்சரிக்கை என்பது எப்போதும் வேறு யாரிடமோ பேசப்படுகிறது. முழுகப் போகிறவர் ஓரமாக நின்று அதை ஒட்டுக்கேட்கிறார். கேட்டதைத் தன் வாசலுக்கு மொழிபெயர்த்துக்கொள்ளும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது. அந்த வேலைக்குக் கூலி கிடையாது. 'மீள்திறன்' என்று ஒரு பட்டம் மட்டும் உண்டு.

கன அடி பொறியாளரின் அளவு. நொடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். 2005-க்குப் பிறகு அவ்வளவு தண்ணீர் அப்போதுதான் போயிற்று. நொடிக்கு 56 லட்சம் லிட்டர். ஒரு நாள் முழுக்க அப்படியே போனால் 17 டி.எம்.சி. அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான் என்பதை வைத்துப் பார்த்தால் அதன் பயங்கரம் விளங்கும். பதினாறு கண் மதகை எவ்வளவு தூக்குவது என்று முடிவெடுக்கிறவருக்கு இந்தக் கணக்கு இல்லாமல் தீராது. ஆனால் குமாரபாளையம் கலைமகள் வீதியிலோ இந்திரா நகரிலோ குடியிருக்கிற ஒரு பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? 'ரெண்டு லட்சம்ங்கறாங்க. அது எங்க வாசப்படிக்கு வருமா, அடுப்படிக்கு வருமா, அதச் சொல்லுங்க சாமி.' ஆற்றோரத்தில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் இந்த இடத்துக்கு வந்துதான் நிற்கும்.

அவர்களிடம் வேறு அளவுகள் இருக்கின்றன. துவைக்கிற கல் முழுகிவிட்டதா, பவானிக்குப் போகிற பழைய பாலத்தின் தூணில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, தண்ணீரின் நிறம் என்ன, மிதந்து வருவது செத்தையா, மரமா. அணைக்கு மேற்புறத்திலும் இதே கதைதான். பண்ணவாடிப் பரிசல்துறைப் பக்கம், நீர்த்தேக்கத்தில் முழுகிப்போன ஊரின் தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தண்ணீர் வற்றுகிற காலங்களில் தலைகாட்டும். பத்திரிகைக்கு அது ஒரு புகைப்படம். அங்கே பரிசல் போடுகிறவருக்கும் மீன் பிடிக்கிறவருக்கும் அது அளவுகோல். அணை வழிகிற எண்ணையும் அணை காய்கிற எண்ணையும் அவர்கள் கல்லில் படிக்கிறார்கள்.

எச்சரிக்கைச் செய்தியில் இந்த இரண்டு அளவுகளும் சந்திப்பதே இல்லை. ஒரு லட்சத்துக்கு எந்தப் படி, ஒன்றரை லட்சத்துக்கு எந்த வீதி, இரண்டு லட்சத்துக்கு எந்த வீட்டுத் திண்ணை என்பது வருவாய்த் துறைக்கும் நகராட்சிக்கும் தெரியாத விஷயம் அல்ல. ஒவ்வொரு முறையும் அவர்கள் அதே வீதிகளுக்குத்தானே வருகிறார்கள். ஆனால் தெரிந்தது செய்தியாக வெளியே வரும்போது 'காவிரிக் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று உருமாறிவிடுகிறது. கரையோரம் என்பது எதுவரை? பாதுகாப்பான இடம் எது? கேட்டுக்கொள்வது யார்? அந்த வாக்கியத்தில் எழுவாயே இல்லை. செயப்பாட்டு வினையில் பேசுகிற அதிகாரத்துக்கு முகம் தேவைப்படுவதில்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குமாரபாளையத்துக்கு எதிர்க்கரையில், கூடுதுறையில், பவானி ஆறு வந்து சேர்கிறது. பவானிசாகரிலும் தண்ணீர் திறந்திருந்தால் பள்ளிபாளையத்தைத் தாண்டிப் போவது மேட்டூரின் எண் அல்ல, இரண்டின் கூட்டு. நம் தினசரிக் கட்டத்தில் கண்ணில் படுவது மேட்டூர்தான். கூட்டிப் பார்த்துக்கொள்வது கரைக்காரர் பாடு.

வேறொருவருக்குச் சொன்னதை ஒட்டுக்கேட்பது காவிரிக்கரைக்கு மட்டும் வாய்த்ததல்ல. 'நாகை துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்பதை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கூண்டு துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் ஏற்றப்பட்டது. கடலோரக் குடிசையில் இருப்பவர் '3' என்றால் ஓட வேண்டுமா, '5' என்றால் ஓட வேண்டுமா என்பதை அனுபவத்தால் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வங்கதேசத்திலும் இதே துறைமுக எண்கள்தான் இருந்தன. 1970 நவம்பர் புயலில் அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதன் பிறகு, 1972-ல், அவர்கள் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் அதே ஊர்க்காரர்களே தொண்டர்களானார்கள். கையில் ஒலிபெருக்கி; ஊர் நடுவில் ஒரு கொடி, ஆபத்து நெருங்கினால் இரண்டு கொடி, அதற்கும் மேல் மூன்று. எண் கொடியாக மாறியது பெரிய விஞ்ஞானம் அல்ல. கொடியை ஏற்றுகிறவர் பக்கத்து வீட்டுப் பையன், அவனை நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் விஷயம். 1991 புயலில் மறுபடி ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தார்கள், எனவே இதைச் சர்வரோக நிவாரணியாகக் காட்டவில்லை. ஆனால் அதற்குப் பிந்தைய புயல்களில் சாவு பல மடங்கு குறைந்தது. தங்குமிடங்களும் கட்டப்பட்டன, சொல்லும் முறையும் வேர்பிடித்தது.

நம் பக்கம் அந்த வேலையைச் செய்தது தண்டோரா. இதைச் சொல்லும்போது ஏக்கப் பெருமூச்சு விடுகிற ஆபத்து இருக்கிறது, எனவே நிதானமாகச் சொல்ல வேண்டும். தப்பட்டை அடித்துச் சேதி சொன்னவர் தலித். ஊருக்கே ஆபத்தைச் சொல்லும் வாய் அவருடையது. ஆனால் சேதியை உண்டாக்கும் இடத்தில் அவர் இல்லை, சேதி சொல்லப்பட்ட வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை. கணக்குப்பிள்ளை, மணியகாரர் என்ற பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்ட பிறகும் தண்டோரா மட்டும் தொடர்ந்தது. 2022 ஆகஸ்டுத் தொடக்கத்தில்தான், இனித் தண்டோரா போடக் கூடாது, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவித்தால் போதும் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி போனதும் அதே வாரங்களில்தான். தண்டோரா போனது நியாயம். முன்னாலேயே போயிருக்க வேண்டும். ஆனால் சாதியின் இழிவோடு சேர்த்து, அந்த முறையில் பிணைந்திருந்த வேறொன்றும் போயிற்று. சேதி சொன்னவரை வீதியில் நிறுத்தி 'எத்தன அடி வருதாம்? போன வருசத்தைக் காட்டிலுமா?' என்று திருப்பிக் கேட்க முடிந்தது. அவரும் அதே ஆற்றைப் பார்த்தவர். ஆட்டோவில் பதிவுசெய்த குரல் நிற்காமல் போகிறது. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனை எச்சரிக்கையும் அப்படித்தான்: போய்ச் சேர்கிறது, திரும்பி வருவதில்லை. 1077 என்று மாவட்டத்துக்கு ஒரு எண் இருக்கிறது, கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். எடுக்கிறவர் கலெக்டர் ஆபீஸில் இருப்பார், அவர் மேசையிலும் அதே கன அடிதான் இருக்கும்.

ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிச் பெக் 1986-ல் எழுதிய 'இடர்ச் சமூகம்' நூலில், நவீன காலத்தின் ஆபத்துகள் கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாதவை, அவற்றை அறிய நாம் நிபுணரின் கருவியைச் சார்ந்திருக்கிறோம் என்றார். கதிர்வீச்சுக்கு அது சரி. காவிரிக்கரையில் விஷயம் பாதிதான் அப்படி. வெள்ளம் கண்ணால் பார்க்கக்கூடியது, ஆனால் அது எப்போது வரும் என்பது மதகைத் திறக்கிறவரின் கையில் இருக்கிறது. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும், எல்லையில் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையம், பிறகு மேட்டூர், அதற்குக் கீழே செக்கானூர் தொடங்கி அடுத்தடுத்த கதவணைகள். முழுக்க இயற்கையும் அல்ல, முழுக்க மனிதர் கைவேலையும் அல்ல. அதனால்தான் இங்கே வெள்ளத்தை எதிர்கொள்கிறவர் வானத்தைப் பார்க்காமல் ஆபீஸைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அணை கட்ட ஆரம்பித்ததற்கு முந்தைய ஆண்டு, 1924 ஜூலையில், வந்த பெருவெள்ளத்தை இரத்தாட்சி வருசத்து வெள்ளம் என்று வருசத்தின் பெயராலேயே சொல்ல முடிந்தது. அணைக்குப் பிந்தைய வெள்ளங்கள் கன அடியால் நினைக்கப்படுகின்றன.

இப்போது 'மீள்திறன்'. சூழலியலில் ஹோலிங் 1973-ல் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தைப் பிரபலப்படுத்தியது: ஒரு காடோ ஏரியோ அடி வாங்கியும் தன் அமைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் தன்மை. அங்கிருந்து அது வளர்ச்சித் திட்டங்களின் அறிக்கைகளுக்குள் வந்தது. காட்டுக்குப் பொருந்துகிற சொல்லை வீதிக்குப் பொருத்தும்போது ஒரு கேள்வி காணாமல் போகிறது: எதற்கு மீள்கிறார்கள்? குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிதான் பிழைப்பு. தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதைக் கழிக்க ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறைக்குப் பக்கத்தில், வாடகை கட்டுப்படியாகிற இடம் ஆற்றுப் புறம்போக்கு. தண்ணீர் வந்தால் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்குகிறார்கள், வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பி அதே பாக்கியைக் கழிக்கப் போகிறார்கள். இதைப் பாராட்டலாம், அவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள்தான். ஆனால் 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களைக் கடன் நெருக்கடியில் மடக்கித் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்ததே, அதுவும் ஒரு மீளுதல்தானே? உடம்பில் ஒரு பகுதியைக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புவது. அதை எந்த அறிக்கையும் மீள்திறன் என்று எழுதாது. ஆற்றுத்தண்ணி வரும்போது மட்டும் எழுதுகிறது.

'எத்தனை தடவ சொன்னாலும் அங்கயே போயி குடியிருக்காங்க' என்ற அலுப்பு நடுத்தர வீடுகளில் சகஜம். அவர்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. வருசத்தில் ஐந்து நாள் வருகிற ஆபத்தையும் முந்நூற்றறுபது நாள் இருக்கிற ஆபத்தையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் அங்கே இருக்கிறார்கள். மாற்று வீடு ஊருக்கு வெளியே வந்தால் பட்டறைக்கு ஷிப்டுக்கு எப்படிப் போவது, ராத்திரி ஷிப்டு முடிந்து பெண்கள் எப்படித் திரும்புவது? எச்சரிக்கை இந்தத் தராசைப் பார்ப்பதே இல்லை.

கொஞ்சம் பின்னால் போனால் இந்த ஒருவழிப் பேச்சின் இன்னொரு முகம் தெரியும். 1876 முதல் 1878 வரையிலான தாது வருசப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலேயே மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. அன்றைய பெரிய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.67 லட்சம், 1881-ல் சுமார் 16 லட்சம். ரயில் இருந்தது, தந்தி இருந்தது. சேதி போகாமல் இல்லை. 1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் என்று குறைத்தபோது, உழைக்கிற உடம்புக்கு அது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டார். பஞ்சத்துக்குப் பிறகு 1880-ல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் வழியாகப் பஞ்ச விதிகள் வந்தன. எதை அபாய அறிகுறியாகக் கொள்வது என்று அவை அதிகாரிக்குச் சொல்லிக்கொடுத்தன: தானிய விலை ஏறுவது, கடன் கிடைக்காமல் போவது, சில்லறைத் திருட்டு பெருகுவது, ஜனங்கள் வழக்கத்துக்கு மாறாக ஊர் ஊராக அலைவது. விதிகள் உயிர்களைக் காப்பாற்றின, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாருங்கள், பசித்தவர் இங்கே பேசுவதில்லை. அவர் அலைகிறார், அந்த அலைச்சலை அதிகாரி படிக்கிறார். வெள்ளத்தில் ஆபீஸின் எண்ணை ஜனங்கள் ஒட்டுக்கேட்கிறார்கள். பஞ்சத்தில் ஜனங்களின் உடம்பை ஆபீஸ் ஒட்டுப்பார்க்கிறது. இரண்டிலும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற இடம் இல்லை.

மெதுவாக வருகிற கேட்டுக்கு இன்றும் சைரன் கிடையாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வருவதற்கு எத்தனையோ மாதம் முன்பே ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் போர் போட்டுப் போட்டுக் கடனாளியானவருக்கு அது தெரியும்.

'சொன்னோம்' என்பதற்கும் 'சொல்லவில்லை' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை 2024 டிசம்பரில் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் கரையேறி வந்து ஏற்காட்டு மலையிலும் கொட்டியது. சேலத்துக்கு வடக்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணை வழியாகச் சாத்தனூர் அணைக்குப் போக, டிசம்பர் 2 விடியலுக்கு முன் சுமார் 1.7 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. ஐந்து கட்டமாக எச்சரித்தோம் என்றது அரசு. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். யார் பொய் சொன்னார்கள் என்று விவாதித்தோம். இரண்டு பேரும் உண்மை சொல்லியிருக்கலாம் என்ற சாத்தியத்தை நாம் யோசிக்கவில்லை. அனுப்பப்பட்ட எச்சரிக்கை கோப்பில் இருக்கிறது, நேரத்தோடு, தேதியோடு. அது நள்ளிரவில் தூங்குகிற ஒரு வீட்டின் கதவைத் தட்டியதா என்பதைக் கோப்பு பதிவு செய்வதில்லை. இந்த வகை எச்சரிக்கை, அனுப்புகிறவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்தான் முதலில் வெற்றி பெறுகிறது. 'நாங்க சொல்லிட்டோம், அவங்க கேக்கல.'

காவிரிக்கரையில் ஒவ்வொருவரும் எச்சரிக்கையிடம் கேட்பது ஒன்றல்ல. பரமத்திவேலூரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருப்பவருக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஆற்றோரத்து மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்ற அது போதும். பூலாம்பட்டியில் அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் போகிறவர்களுக்குப் படகு எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்பது. தறிக்காரக் குடும்பத்துக்கோ உயரத்தைவிட முக்கியமானது 'எத்தன நாளைக்கு?' என்பது. இரண்டு நாள் என்றால் பட்டறை முதலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம், சாமானைப் பரண் மேல் ஏற்றிவிட்டு ஆளை மட்டும் நகர்த்தலாம். எட்டு நாள் என்றால் பிள்ளைகளைச் சொந்தக்காரர் ஊருக்கு அனுப்ப வேண்டும், கைமாற்று வாங்க வேண்டும்.

இதைச் சொல்ல முடியாது, மழை யார் கையில் இருக்கிறது என்பார்கள். முழுக்கச் சொல்ல முடியாதுதான். ஆனால் கபினியில் எவ்வளவு, கிருஷ்ணராஜசாகரில் எவ்வளவு, பிலிகுண்டுலுவில் எவ்வளவு, மேட்டூரில் இன்னும் எவ்வளவு இடம் என்று நாள்தோறும் அளந்துகொண்டிருக்கும் ஒரு நிர்வாகம் 'குறைந்தது மூன்று நாளைக்கு இறங்காது' என்ற அளவிலாவது பேச முடியும். இதே நிர்வாகம் டெல்டாவிடம் அப்படிப் பேசுகிறது. முறைப்பாசனம் வைக்கும்போது இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று தேதி போட்டுச் சொல்கிறார்கள். தண்ணீர் வேண்டும் என்பவருக்கு நாள் கணக்கு கிடைக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்பவருக்குக் கன அடி.